பிரேக்கில் ஊற்றிய நல்லெண்ணெய்

கொதிக்கும் இரும்பின் மேல் நல்லெண்ணெய் கசிந்து காந்தும்போது வருகிற வாசம், தோசைக்கல் காய்ந்துபோனால் சமையலறையில் வருமே, அந்த வாசம் இல்லை. அதில் பிரேக் லைனிங் கருகுகிற நெடியும் சேர்ந்திருக்கும், தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் குடித்தாலும் இறங்காது. ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட நான் அந்த வாசத்தை வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்திருக்கிறேன், பதினோரு வயதில், செக்கானூரணிக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் வராது. அந்த இடம் அன்றைக்கே மரத்துப்போனதுதான்.

மதுரை கீழவாசல் பக்கம் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை இருந்தது. "வைத்தியனுக்குக் குடுக்கிறதை வாணியனுக்குக் குடு" என்ற பழமொழியை யாரோ தன் கடைக்காகவே சொல்லிவைத்ததாக அப்பா நம்பினார். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் போகாத இடம் கிடையாது. தலைக்கு, முழங்காலுக்கு, வாசல் கேட் கீலுக்கு, அம்மாவின் தையல் மிஷினுக்கு, ஒருமுறை நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்கும்கூட. கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவே இல்லை, அது வேறு கதை. "நல்லெண்ணெய் யாருக்கும் கெடுதல் பண்ணாது" என்பார், அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

எங்களிடம் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. கார் என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது, "பிளசர்" என்றுதான் சொல்ல வேண்டும். அவரைவிட வயதில் மூத்த வண்டி, யாரோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து கை மாறி, கை மாறி எங்கள் வாசலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள், தெருவே திரும்பிப் பார்க்கும். அப்பாவின் முதுகு அப்போது நேராகிவிடும்.

அந்த வண்டியின் நோவெல்லாம் பிரேக்கில்தான். நான்கு சக்கரத்துக்கும் நான்கு இரும்பு டிரம், ஒவ்வொன்றின் உள்ளேயும் பிறை வடிவத்தில் இரண்டு கட்டை, அவற்றை உள்ளிருந்து தள்ளிப் பிடிக்கவைக்க ஒரு சொட்டு எண்ணெய், இவ்வளவுதான் விஷயம். ஆனால் வெயில் காலத்தில் கிறீச்சிடும், மழை நனைந்தால் பிடிக்காது, சில நாள் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் யார் வீட்டுத் திண்ணையிலாவது முட்டப் பார்க்கும். அதையெல்லாம் பார்க்கிறவர் ரஹீம் பாய். பழைய டவுனுக்குள் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோவார். "அண்ணாச்சி, இது நாலு சுத்து சுத்தணும். ஒண்ணரையில நிக்குது. உள்ள யாரோ புடிச்சுக்கிட்டு இருக்கான்" என்பார். டிரம் சுட்டால் உள்ளங்கையை வைக்க மாட்டார், புறங்கையைத்தான் வைப்பார். உள்ளங்கை வெந்துபோனால் நாளைக்கு ஸ்பேனர் பிடிப்பது யார் என்பது அவர் கணக்கு.

பாய் ஒரு கல்யாணத்துக்காகக் கீழக்கரை போயிருந்த வாரத்தில் பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் இறங்கிவிட்டது. பிரேக் ஆயிலை அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கலந்துதான் செய்தார்கள் என்று யாரோ லாரி டிரைவர் கடையில் வைத்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். "விளக்கெண்ணெ தாங்குற எடத்துல நல்லெண்ணெ தாங்காதா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்பது பதிலுக்காக இல்லை. கடைக்குள் போய் நல்ல செக்கெண்ணெயாக ஒரு கிண்ணம் எடுத்துவந்தார், நான் புனலைப் பிடித்துக்கொண்டேன். ஊற்றி முடித்ததும், "பாய்ட்ட சொல்லிராத, கேலி பண்ணுவான்" என்று கண்ணடித்தார். அப்பா என்னோடு ஒரு ரகசியம் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் பிரேக் வெண்ணெய்போல வேலை செய்தது. அப்புறம் வண்டி தானாகவே நிற்கப் பார்த்தது, மிதிக்காமலே பிடித்தது. ஊரிலிருந்து வந்த பாய் இரண்டு முறை கழற்றித் தளர்த்தி மாட்டினார், இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை. "என்ன எழவுன்னே புரியலையே" என்று தாடியைச் சொறிந்தார். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் உசிலம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. சித்திக்கு, அம்மாவின் ஒரே தங்கைக்கு, மஞ்சள்காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சித்திக்கு இரண்டு வயதில் செல்வி என்று ஒரு பெண். தகவல் கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடியே, "புள்ளைய அக்கா கையில புடிச்சுக் குடுத்துட்டுத்தான் கண்ண மூடுவேங்குது. பெரியாளுக நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கு. வெரசா வாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். சாகக் கிடக்கிறவர் நாலு பேர் பார்க்கப் பிள்ளையின் கையை எடுத்து ஒருவர் கையில் வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, எந்தப் பஞ்சாயத்தும் அதை மாற்றாது. அம்மா அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, என்னுடைய பழைய கவுன் இரண்டை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டாள். செல்விக்கு என்று எனக்குப் புரிந்தது.

அம்மா பஸ்ஸில் போகலாம் என்றாள். "பிளசரை வீட்டுல வச்சுக்கிட்டு பஸ்ஸுல போயி எறங்குனா நாலு பேரு என்ன நெனப்பான்?" என்றார் அப்பா. ஒரு தைரியத்துக்கு ரஹீம் பாயையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். காளவாசலைத் தாண்டும்போது மணி பத்து இருக்கும்.

நாகமலையைத் தாண்டியதுமே வண்டி இழுக்கச் சிரமப்பட்டது. பாய் தலையை வெளியே நீட்டி மோந்து பார்த்தார். செக்கானூரணிக்குக் கொஞ்சம் முன்னால், புளியமர வரிசையில், சக்கரத்திலிருந்து புகை வந்தது, அப்பா ஓரம் கட்டினார். பதற்றத்தில் அவர் கூஜாத் தண்ணீரை ஊற்றப் போக, "ஊத்திராதீங்க, டிரம் வெடிச்சுரும், தானா ஆறட்டும்" என்று பாய் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி ஒரு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நானும் அப்பாவும் பாயும்தான்.

பாய் குனிந்து டிரம்மின் அடியில் கசிந்திருந்ததைத் தொட்டு மூக்கருகே வைத்தார். "அண்ணாச்சி, டப்பாவுல என்ன ஊத்துனீங்க?"

"நீ குடுத்த ஆயில்தான் பாய். வேற என்ன?"

பாய் என்னைப் பார்த்தார். சாடையாகத்தான் பார்த்தார், ஆனால் பார்த்தார். என் வாய்க்குள் அந்தப் பதில் தயாராக இருந்தது, ஒரே ஒரு வார்த்தை. நான் என் செருப்பைப் பார்த்தேன். முதலாளி சொன்ன பிறகு மெக்கானிக் என்ன செய்வார்? "சரிங்க, அப்ப அட்ஜஸ்மெண்ட்தான் டைட்டாயிருக்கும்" என்று வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகத் தளர்த்த ஆரம்பித்தார்.

உசிலம்பட்டி பஸ் ஒன்று வந்தது. அம்மா எழுந்து நின்று, "ஏங்க, பஸ்ஸு வருதுங்க" என்றாள். "செத்த இரு. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, இப்பச் சரியாயிரும்" என்றார் அப்பா. அது போய்விட்டது. அரைமணி நேரத்தில் இன்னொன்று வந்தது. இந்த முறை அம்மா எழுந்து நின்றாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள், உட்கார்ந்துகொண்டாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

டிரம் ஆறியது, கிளம்பினோம். செக்கானூரணியைத் தாண்டி நாலு மைல்கூடப் போயிருக்க மாட்டோம், நான்கு சக்கரமும் இறுகி வண்டி நட்டுவைத்ததுபோல நின்றுவிட்டது. பாய் அடியில் படுத்து ஒரு திருகைத் திறந்தார், எண்ணெய் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டு எழுந்தவர் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "நல்லெண்ணெ பட்டு உள்ள இருக்க ரப்பரெல்லாம் ஊதிப்போச்சு அண்ணாச்சி. இது இனி ஓடாது. மொதல்லயே சொல்லியிருந்தா அங்கனயே இவுகள பஸ்ஸுல ஏத்தி விட்டிருக்கலாம்ல" என்றார். அப்பா ரோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, வந்த பஸ்ஸை நிறுத்தினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தி கண்ணை மூடி முக்கால்மணி நேரம் ஆகியிருந்தது. கூப்பிட்டு வைத்திருந்த நாலு பேரும் பந்தலுக்குக் கழி கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி கடைசி வரைக்கும் செல்வியின் மணிக்கட்டைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அப்பா தெருவில் நின்றார், நான் யாரோ கொடுத்த காப்பியைக் குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது. அது நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் அம்மா செல்வியைக் கேட்டாள். "அவ ஒங்கிட்டதான் குடுக்கணும்னா, குடுத்திருப்பாளே ஆத்தா. யாரு பாத்தா? எங்க புள்ள எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் சித்தியின் மாமியார். வழக்கம் அவர் பக்கம் இருந்தது, அத்தோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அடுத்த வருஷம் சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். செல்வியை ஏழாம் வகுப்போடு நிறுத்தி மில்லுக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அம்மா என் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்துவைத்துவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பிளசரைக் காயலான்கடைக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, பாயும் பேசவில்லை, வழக்கம்போலக் கடைக்கு வந்து எண்ணெய் வாங்கிப் போவார். இருவரும் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், உசிலம்பட்டி ரோட்டில் நாங்கள் நின்ற பக்கத்துப் புளியமரங்களை வெட்டி அகலப்படுத்தியாகிவிட்டது. மைல்கல்லையும் காணோம்.

போன ஆவணியில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் செல்வியைப் பார்த்தோம். நாற்பது தாண்டி, பஞ்சு வேலையில் மூச்சு இளைத்து, சித்தியின் அதே நெற்றியோடு, சமையல் ஆட்களோடு வந்து பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த செல்வி மரியாதையாகச் சிரித்து, "நீங்க பொண்ணு வீடாம்மா, மாப்ள வீடா?" என்று கேட்டாள். "பொண்ணு வீடு" என்றாள் அம்மா. நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பழகிய வேலைதானே.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். காளவாசல் சிக்னலில் நின்றபோது, எதற்கென்று தெரியவில்லை, புனலை, கிண்ணத்தை, பாய் கேட்ட கேள்வியை, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். எண்பதை நெருங்குகிற அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல், யாரோ நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் புளியமரத்தடியில சொல்லியிருந்தா, நான் மொத பஸ்ஸுலயே ஏறியிருப்பேன்டி."