கிணற்றருகே இறங்கிய எண்

மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையைச் சுற்றி மண் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்க்க, நானும் உடன் வேலை செய்பவரும் பள்ளிப்பட்டுப் பக்கம் போயிருந்தோம். தோண்டாமலே நிலத்துக்கடியில் பார்க்கிற வேலை எங்களுடையது. இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, அவற்றின் வழியே மண்ணுக்குள் மின்சாரம் அனுப்புவோம். சாயக்கழிவின் உப்பு இறங்கிய இடத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். கருவியில் மின்தடையைக் காட்டும் எண் இறங்கிவிடும்.

கோடையில் மண் காய்ந்திருந்ததால் கம்பிகளின் அடியில் உப்புத்தண்ணீர் ஊற்றினோம். பக்கத்து நிலத்து ஆடுகளுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, கூட்டமாக வந்து நக்க ஆரம்பித்தன. நல்லவேளை, கருவியை இன்னும் போடவில்லை. ஆட்டுக்கார அக்கா குச்சியோடு ஓடிவந்தார்.

“இன்னா மேடம், தண்ணி பார்க்கறீங்களா? எங்க கெணத்தாண்டயும் பார்த்துட்டுப் போங்க.”

“தண்ணி இல்லக்கா. சாயத்தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்க்கறோம்.”

அவர் முகம் சுருங்கியது. “ஐயோ, அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சிகினு இருக்கோம்.”

மதியம் அவர் கிணற்றருகே கம்பி அடித்தோம். எண் சட்டென்று இறங்கியது. ஆனால் கழிவு பரவியிருந்தால் எண் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். இங்கே ஒரே இடத்தில் விழுந்து உடனே ஏறியது. தள்ளி அடித்த வரிசையிலும் அப்படியே. மண்ணுக்குள் இரும்பு கிடந்தாலும் எண் இப்படித்தான் விழும்.

“அக்கா, இங்க இரும்பு ஏதாவது புதைஞ்சிருக்கா?”

“பழைய பைப்பு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு எப்பவோ தோண்டி எடுத்துட்டாரு.”

அதுவரை வேப்பமர நிழலில் நின்று வேடிக்கை பார்த்த அவர் கணவர், போய்க் கடப்பாறை கொண்டுவந்தார். நான் காட்டிய இடத்தில் இறக்கினார். கொஞ்ச ஆழத்திலேயே ‘டங்’ என்றது.

“மொத்தமும் எடுத்துட்டேன்னு சொன்னியே பாவா!” என்றார் அக்கா கணவரிடம்.

“பாதி எடுத்தேன். வெயிலு தாங்கல.”

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களாலும் அடக்க முடியவில்லை.

பைப் கிடைத்துவிட்டதால் மட்டும் கிணறு நல்ல கிணறாகிவிடாது. பைப்பை விட்டு விலகி மறுபடி அளந்தோம், எண் இறங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்றேன். குடம் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய்க்கு நடக்க வேண்டுமே என்று கணவர் முனகினார். “நீயே தூக்கு” என்றார் அக்கா.

கழிவு பட்டறையின் மறுபக்கம், ஓடையை நோக்கித்தான் நகர்ந்திருந்தது. அங்கே தோண்டி அகற்ற வேண்டிய மண்ணுக்கு நாங்கள் எல்லை குறித்துக் கொடுத்தோம். தண்ணீரின் முடிவும் நல்லபடியாக வந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

“குடிக்கலாம்க்கா.”

“ஆங்? நெசமாவா மேடம்?”

அடுத்த நொடி அவர் போனைக் கீழே இறக்காமலே கத்தினார்: “பாவா, கொடத்த வச்சிட்டு மோட்டாரப் போடு!”

என் காது அடைத்துப்போனது. மோட்டார் உறுமித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் வரும்வரை நானும் போனை வைக்கவில்லை.