காலடியில் இருந்த பெட்டி

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுவது எங்கள் வீட்டில் என் வேலை. அன்று நவமி. எங்கள் பேட்டையான லேக் கார்டன்ஸே துர்க்கை பந்தலில் நிற்க, நான் மட்டும் பக்கெட்டும் துணியுமாக வாசலில் நின்றேன். இந்த முறை உள்ளேயும் கழுவினேன். முந்தின டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அப்பா முன் சீட்டில் வாந்தி எடுத்திருந்தார், வாடை போகவில்லை. "துடைச்சாப் போதும்" என்றாள் மனைவி. நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்? கால் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கெட் சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். பிறகு பானெட்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருகினேன். வண்டி அசையவில்லை.

மறுநாள் காலை அப்பாவுக்கு அடுத்த டயாலிசிஸ். ஒரு நாள் தள்ளினாலும் மூச்சுத் திணறும். தசமி ஊர்வல நெரிசலில் டாக்ஸியை நம்பி அவரை வாசலில் நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. மெக்கானிக்குகளுக்கோ பூஜை விடுமுறை. பலருக்குப் போன் செய்தபின் பவானிபூர் மெக்கானிக் ஒருவர் புதுக் குர்தாவோடு அலுத்துக்கொண்டே வந்தார்.

நான் பானெட்டைத் திறந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கே தண்ணீர் ஊற்றினேன் என்று கேட்டுவிட்டு, இடது முன் கதவைத் திறந்து தரைவிரிப்பை உரித்தார். அடியில் தேங்கிய தண்ணீரில் டிபன் டப்பா அளவு கறுப்புப் பெட்டி. "அண்ணா, வண்டியோட மூளை இங்கதான் இருக்கு. அதைக் குளிப்பாட்டியிருக்கீங்க" என்றார் வங்காளத்தில். இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரியாது. பெட்டியைக் கழற்றி, மனைவியின் ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் வைத்து மாலைவரை காயவைத்தார். திரும்ப மாட்டியதும் வண்டி கிளம்பியது. இனி ஈரம் பட்டால் அவ்வளவுதான் என்று எச்சரித்துவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எல்லாம் என்னாலதானே" என்றார்.

"இல்லப்பா, என் கொழுப்பு" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வண்டியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"மூளைன்னு சொன்னாரே. பூஜை போட்ட வண்டி வேற. மிதிக்கலாமா?"

வாந்தி வந்தால் பிடிக்க மடியில் ஒரு பிளாஸ்டிக் பையையும் விரித்துப் பிடித்துக்கொண்டார். வீங்கிய பாதங்களைத் தரையில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். பாலிகஞ்ச் தாண்டுவதற்குள் அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. வைங்கப்பா என்று இரண்டு தரம் சொன்னேன், கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. வண்டியை ஓரங்கட்டி, குனிந்து, அந்தக் கால்களைப் பிடித்துப் பெட்டிக்கு மேலேயே இறக்கி வைத்தேன்.