கோலத்தின் மேல் நடந்தவர்

இதை எழுத உட்காருவதும், இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போடுவதுமாகவே எனக்குப் பல வருஷம் போய்விட்டது. எட்டாவது வரைதான் படிப்பு. மளிகைக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, பொட்டலத்தின் மேல் சாமான் பெயர் எழுதினதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. இதில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை விட்டு எழுதினால் பொய்; சேர்த்து எழுதவோ வெட்கம். பெருமாள் முன்னால் நின்று நின்று, இந்தப் புரட்டாசியில்தான் மனசு துணிந்தது.

உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு புறம்போக்கு மைதானம். முள் மண்டிய இடம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் இருளர் குடிசைகள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அந்த மைதானத்தில் பேரூராட்சி பூங்கா கட்டப் போகிறது என்றார்கள். பொக்லைன் வந்து இரண்டே நாளில் முள்ளையெல்லாம் வழித்துப் போட்டது. அவ்வளவு பெரிய இடமா இது என்று எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்து வாயைப் பிளந்தேன்.

வேலையைப் பார்க்க வந்த ஓவர்சீயர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. ஜனங்களைக் கேட்காமல் ஒரு செங்கல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நாலு ஊர்ல பாத்துட்டேம்மா. கட்டி முடிச்சதும் யாரும் வர்றதில்ல. பூட்டுப் போட்டுடறாங்க, உள்ள ஆடு மேயுது" என்றார்.

தெருவெல்லாம் தண்டோரா போட்டு, பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தெருவில் ரிடையர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு. முதலில் அவர்தான் எழுந்தார்.

"எப்டி ஓட்டு போடணும்னு கோயில் செவுத்துல வெட்டி வெச்ச ஊரு சார் இது. எங்கள கேக்காம எவனாலயும் பார்க் கட்ட முடியாது."

"அதனாலதான் கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவ்வளவுதான். ஊஞ்சல் வேணும், சிலை வேணும், நெல் காய வைக்க ஒரு களம் வேணும் என்று ஆளுக்கொன்று. பெண்கள் பக்கத்திலிருந்து நான்தான் எழுந்து, பொம்பளைகள் சாயங்காலம் காலார நடக்க ஓர் இடம், உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் வேண்டும் என்றேன். ஓவர்சீயர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் எழுதிக்கொள்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரே அங்கே இருந்ததாகத்தான் எங்களுக்கு நினைப்பு. தண்டோரா வாய்க்காலைத் தாண்டவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த வாரம் அவர் வரைபடத்தை விரித்தார். நீலக் கோடுகள். கண்டக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம், எங்களுக்கும் புரியவில்லை. ஓவர்சீயர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். மைதானத்திலேயே சுண்ணாம்பால் நிஜ அளவுக்குக் கோடு போட்டுவிடலாம். எது சுவர், எது நடைபாதை, எது பூச்செடி என்று ஜனங்கள் உள்ளே போய் நடந்து பார்க்கட்டும். அவர்கள் கால் எங்கே போகிறதோ அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

"சுண்ணாம்பு கால சுட்டுடும் சார். நாங்களே மாவுல போட்டு குடுத்துடறோம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அது தை மாசம். பன்னிரண்டு பெண்கள் விடிகாலையில் குளித்துவிட்டுப் போனோம். ஓவர்சீயர் முளையடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தார். கயிறு போன வழியே பச்சரிசி மாவை இழைத்துக்கொண்டே போனோம். நடைபாதைக்கு இரட்டைக் கோடு. நடுவில் பூச்செடிக்கு ஒரு பெரிய வட்டம். வட்டத்தை மட்டும் போட்டால் போதும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். கோலக்காரிக்குக் கை நிற்குமா? மொட்டையாக விட மனசில்லாமல் உள்ளே தாமரை இழுத்து, சுற்றிச் செம்மண் இட்டு, நட்ட நடுவில் கற்பூரமும் ஏற்றிவிட்டோம். வெயில் ஏறியபோது அந்த மைதானத்தைப் பார்க்க எனக்கே புல்லரித்தது.

ஓவர்சீயர் வந்தார். ஊரும் வந்தது.

"உள்ள போங்க. நடந்து பாருங்க."

ஒருத்தரும் அசையவில்லை.

"என்னங்க, தயங்காதீங்க."

"கோலத்த எப்டி சார் மிதிக்கிறது?" என்றார் கண்டக்டர். "கற்பூரம் வேற ஏத்தி வெச்சிக்கினு கீறாங்க. நீங்க மிதிங்க, நாங்க பாக்கறோம்."

ஓவர்சீயர் தன் செருப்பைப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. கடைசியில் எல்லோரும் ஓரமாகவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், பிரகாரம் சுற்றுவது போல வலமாக. கூலி வேலைக்குப் புறப்பட்ட இருளர் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வாய்க்கால் பக்கம் வந்து நின்றார்கள். தினம் மைதானத்துக்குக் குறுக்கே வருகிறவர்கள்தான். கோலத்தைப் பார்த்ததும் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களைப் போலவே ஓரமாகச் சுற்றிப் போனார்கள். ஓவர்சீயர் நோட்டில் எழுதினதை நான் எட்டிப் பார்த்தேன். நடுவில் வழி தேவையில்லை. சுற்றிலும் நடைபாதை. தெருப்பக்கம் ஒரே கேட். வாய்க்கால் பக்கம் மதில்.

அப்போதுதான் அவர் வந்தார்.

எல்லோருக்கும் தெரிந்த ஆள்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் தெருக்கோடியில் விறகு விற்கும் தொட்டியில் சுள்ளிகளைக் கட்டாகக் கட்டிப் போடுவார். கையில் ஒரு குச்சி, ஆனால் அதை அவர் ஊன்றி நான் பார்த்ததில்லை. வாய்க்காலில் இறங்கி ஏறின ஈரக்காலோடு நேரே உள்ளே நடந்து வந்தார். முதல் கோடு போனது. இரட்டைக் கோடு போனது. தாமரையின் மேல் கால் வைத்தார்.

நான்தான் கத்தினேன்.

"யோவ்! கண்ணு தெர்ல? கோலம்யா!"

என் தொண்டைக்கு அவ்வளவு சத்தம் உண்டென்று எனக்கே தெரியாது. பின்னாடியே எல்லோரும் கத்தினார்கள். அவர் அப்படியே நின்றுவிட்டார். தாமரைக்கு நடுவே, ஒரு கால் தூக்கினபடி, எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல். நான் சொன்ன சொல் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுற்றிப் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி மறுபக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கோலம் போட்டு கீறாங்க. அப்டியே நில்லு, நான் வரேன்."

"எங்க கீது? எனுக்கு வழிதான் தெரியுது."

ஓவர்சீயர் கையை உயர்த்தி எங்களை அடக்கினார். "நீங்க நடங்க. எப்பவும் போற மாதிரி போங்க" என்றார்.

அவர் நடந்தார். ஈரக்காலில் மாவு ஒட்டி, வட்டத்தைத் தாண்டினதும் வெறும் மண்ணில் வெள்ளை வெள்ளையாக அடி பதிந்தது. தெருப்பக்கம் வந்து ஏறும்வரை பதிந்துகொண்டே வந்தது. ஓவர்சீயர் கயிற்றை எடுத்து, ஒரு நுனியை வாய்க்கால் பக்கத்து முதல் ஈர அடியில் முளையடித்துக் கட்டி, இன்னொரு நுனியை இந்தப் பக்கம் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தார். கயிறு ஒவ்வோர் அடியின் மேலும் கிடந்தது. அத்தனை பெரிய மைதானத்தில் ஓர் அடி கூட விலகவில்லை. நாங்கள் கயிறு கட்டிப் போட்ட கோடுகளே இரண்டு இடத்தில் வளைந்திருந்தன.

"பொக்லைன்தான் எல்லாத்தையும் வழிச்சிடுச்சே. பாதையே இல்லியே, எப்படி வந்தீங்க?"

"மேலதான் சார் வழிச்சாங்க. அடில கெட்டியா கீதே. ரெண்டு பக்கமும் மெத்து மெத்துன்னு கீது, நடுவுல மட்டும் காலுக்கு கெட்டியா தட்டுது. எங்கப்பன் நடந்தது, அவுங்கப்பன் நடந்தது."

ஓவர்சீயர் குனிந்து கட்டை விரலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது போலவேதான் இருந்தது. என் வீட்டு மாடியிலிருந்து நாலு வருஷமாகப் பார்த்த இடம். என் கண்ணுக்குத் தெரியாதது மண்ணுக்குள் இருந்தது. எனக்குக் கை கூப்பத்தான் தோன்றியது. கோயிலில் கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

வாய்க்கால் பக்கம் மதில் வந்தால் இவர் எப்படிப் போவார் என்று, சுற்றி வந்து சேர்ந்த அவர் மனைவியை ஓவர்சீயர் கேட்டார்.

"ஏரிக்கரைய சுத்திதான் சார். அங்க தனியா வுட முடியாது, சறுக்கும். நான்தான் இட்டாந்து வுட்டு, இட்டுக்கினு போவணும். அப்புறம் என் வேல இன்னா ஆவறது? அது வூட்லயே ஒக்கார வேண்டியதுதான்."

அப்படியானால் அந்தப் பக்கமும் ஒரு கேட் வைத்துவிடலாம் என்றார் ஓவர்சீயர். கண்டக்டர் மட்டும், "ரெண்டு கேட் வெச்சா ஆடு மாடெல்லாம் பூந்துடும், பேஜாரு" என்றார்.

"ஆட்டுக்கு கேட் தொறக்கத் தெரியாதுண்ணா" என்று ஓவர்சீயர் சொல்ல, கண்டக்டரே சிரித்துவிட்டார்.

பிறகு ஓவர்சீயர் அந்த விறகு கட்டுகிறவர் பக்கம் திரும்பி, எங்களையெல்லாம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு என்ன வேணும்?

அவரை யாரும் அதற்கு முன் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பூ, ஊஞ்சல், இன்னா வேணா வெச்சிக்குங்க சார். இந்த வழில மட்டும் சிமிட்டி போட்றாதீங்க. எல்லாம் ஒரே மாதிரி ஆச்சுன்னா, நான் எங்க கீறேன்னு எனுக்கு தெரியாது."

நோட்டில் எழுதியிருந்த பக்கத்தை ஓவர்சீயர் குறுக்கே அடித்தார்.

கூட்டம் கலைந்ததும் விறகுத் தொட்டிக்குப் போனேன். அவர் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காலைல ஒரு பேச்சு வந்துடுச்சு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன். யாரென்று சொல்லவில்லை. அவ்வளவு பேர் கத்தினார்களே, அதில் ஒருத்தி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன்.

அவர் கயிற்றை முடிந்தபடியே சொன்னார். "நீங்கதான்னு தெரியும்மா. தெனம் காலைல வாசல்ல சாமி பாட்டு பாடிக்கினு கோலம் போடுவீங்களே. அதே கொரலுதான். அந்தப் பாட்டு கேட்டாதான் உங்க வூடு வந்துச்சுன்னு திரும்புவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பல நாள் வாசலில் பாட்டு வரவில்லை எனக்கு. அப்புறம், நான் பாடாவிட்டால் அவருக்குத் திருப்பம் தெரியாதே என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் பூங்கா திறந்தது. சுற்றிலும் கல் பாவின நடைபாதை, நாங்கள் கேட்டது. குறுக்கே வாய்க்கால் கேட்டிலிருந்து தெருக் கேட் வரை நேராக ஒரு மண் பாதை, அவர் கேட்டது. பூச்செடி வட்டம் அதற்காக ஒதுங்கி நிற்கிறது. சாயங்காலம் நாங்கள் சுற்றி நடக்கும்போது அவர் குறுக்கே வீடு திரும்புவார். பெண்கள் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வழி விடுவோம்.

இப்போது ஊரில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியிருக்கிறது. அவர் சித்தர் என்கிறார்கள். அவர் கால் பட்ட இடத்தில் மாவு தானாகவே பூவாய்ப் பூத்தது என்று என் மருமகளிடமே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கோலம் போட்ட அம்மா ஓடிப்போய்க் கைபிடித்து அழைத்து வந்தாளாம். அதனால்தான் எழுதினேன். அவர் விறகு கட்டுகிறவர். நடந்தது மேலே எழுதியிருக்கிறதுதான், எனக்கு அதுவே மலைப்பாக இருக்கிறது. படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். பூவைச் சேர்க்காதீர்கள். நான் கைபிடிக்கவில்லை, கத்தினேன். அதை எடுத்துவிடாதீர்கள்.