துடைத்த இலை

எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வந்து இறங்கியது, அதுவரை உரக்கடையாக இருந்த ஓர் அறையில். மூட்டைகளை எடுத்த பிறகும் யூரியா வாடை போகவில்லை. முன்பக்கம் ஒரு ஷட்டர், பின்பக்கம் கையகல ஜன்னல், அவ்வளவுதான். ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து சுவருக்கு மஞ்சள் அடித்து, மொட்டை மாடியில் ஒரு கம்பத்தை நட்டு, கம்ப்யூட்டர், கேமரா, பேட்டரி எல்லாம் வைத்தார்கள். நகரத்துக்குக் கிடைப்பது கிராமத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று திறப்பு விழாவில் ஒருவர் மைக் இரைய இரையப் பேசினார். நடத்துவதற்கு உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது என்றார்கள். உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் ஊரில் நான் ஒருத்திதான்.

உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என்னோடு படித்த இரண்டு பேர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தேனியில் ஒரு வேலை இருக்கிறது என்று நான் சொன்னதற்கே அம்மா, "பஸ்ஸுல தனியாவா?" என்று கேட்டார். மூன்று வருஷம் கல்லூரிக்குத் தனியாகத்தான் பஸ்ஸில் போனேன் என்பது அவருக்கு அன்று மறந்துபோயிருந்தது. மாதம் ஒரு ஜாதகம் வீட்டுக்கு வந்தது. அப்பாதான் இடையில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தார். இன்டர்நெட் மையம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது, பிள்ளை அங்கே போய் வரட்டும், அது ஓடுகிற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரை மனதோடு சரி என்றார். அந்த அறை மட்டும் இல்லாவிட்டால் என் கழுத்தில் தாலி ஏறியிருக்கும்.

ஆக, அந்த அறை ஓடியாக வேண்டும். ஆனால் அது ஓடவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று மட்டும் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. மற்ற நாட்களில் நானும் மின்விசிறியும்தான். கரண்ட் போனால் மின்விசிறியும் கிடையாது. பேட்டரி மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். பெண்கள் கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் வாசலில் நின்று, உள்ளே ஏதோ பிரசவம் நடப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நிறுவனத்தார் எதிர்பார்த்தது விவசாயிகளை. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, நகரத்திலிருந்து ஒரு வேளாண் நிபுணர் கம்ப்யூட்டரின் மறுமுனையில் வந்து உட்காருவார். பயிரில் நோய் இருந்தால் படம் எடுத்து அனுப்பிக் கேட்கலாம். எங்கள் ஊரோ திராட்சை ஊர். கொடியைக் கவாத்து வெட்டுவதிலிருந்து குலை அறுப்பது வரை கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவர்கள். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நம்ம பந்தலைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு விவசாயி வரவில்லை. அடுத்த மாதமும் இப்படியே போனால் கம்ப்யூட்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று போன் வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒரே ஒரு நாள் நீங்களாவது வாங்கப்பா என்று கெஞ்சினேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை. அது ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பந்தலில் பிஞ்சு பிடித்திருந்த நேரம். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை துண்டில் நாலைந்து திராட்சை இலைகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று அவர் பின்னாலேயே ஐந்து பேர் வந்தார்கள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

படம் எடுப்பது எப்படி என்று நிறுவனத்தார் ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இலையைத் தூசி இல்லாமல் துடைத்து, வெள்ளைத் தாளில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அதில் முதல் வரி. இலைகளைத் திருப்பினேன். மேலே மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எங்கள் பக்கம் பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். இலையெல்லாம் அந்தக் கறை வெளுத்துக் கிடக்கும். அந்த மருந்துக் கறைதான் என்று நினைத்தேன். வந்த ஐந்து பேரும் திரையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு இலையையும் பளிச்சென்று துடைத்தேன்.

திராட்சைக்காரன் மகளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. கறுத்துப்போவேன் என்று பத்தாம் வகுப்புக்குப் பிறகு அம்மா என்னைத் தோட்டத்துப் பக்கமே விடவில்லை.

படம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. பதில் ஆங்கிலத்தில் வந்தது. நோய் எதுவும் தெரியவில்லை, சத்துக் குறைபாடாக இருக்கலாம், இன்ன உப்பை இரண்டு முறை தெளிக்கவும், பத்து நாளைக்கு வேறு மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். நான் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சத்தமாக வாசித்தேன். வந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லையே என்றார் ஒருவர். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் வெட்கக்கேடு. காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு மழை விடவேயில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அப்பா மையத்து வாசலில் வந்து நின்றார். வேறு மருந்து ஏதாவது அடிக்கலாமா என்று கேட்டுப் பார்க்க முடியுமா என்றார். தாளில் பத்து நாள் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்து டீச்சர்போலச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நனைந்துகொண்டே போனார்.

பத்து நாளில் பந்தல் கருகிவிட்டது. இலை சுருண்டு, பிஞ்சுக்குலை பழுப்பேறி உதிர்ந்தது. அடுத்த தோட்டத்துக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சத்தம் போட்டார். "செவட்டை நோவு மதினி. எலைக்கு அடியில வெள்ள வெள்ளயா பூத்திருக்கும். சின்னப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பொட்டிக்கு அது எப்படித் தெரியாமப் போச்சு?"

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குத் தெரியாமல் போகவில்லை. தெரியவிடாமல் துடைத்தவள் நான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கம்ப்யூட்டரைத் திட்டியது, முகம் தெரியாத அந்த நிபுணரைத் திட்டியது. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனால் மூச்சு முட்டும். வெளியே வந்தால் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. வீட்டுக்குப் போனால் அப்பா இருப்பார். எனக்குப் போக்கிடம் இல்லை. மையம் மூடிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். உடனே ஜாதகக் கட்டு நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வேன்.

ஆனால் மையம் மூடவில்லை. விவசாயி ஒருவர் ஆலோசனை பெற்றார் என்று அந்த வெள்ளிக்கிழமையே நான் எழுதி அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நிறுவனத்தார் வீடியோ கேமராவோடு வந்து இறங்கினார்கள். அந்த விவசாயியைப் பேட்டி எடுக்க வேண்டுமாம், அதுவும் அவருடைய தோட்டத்தில் வைத்து. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்தைத் தாண்டி நடந்தார். அடுத்த தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே போய் நின்றார். பச்சைப்பசேலென்று குலைகள் தொங்கின. கம்ப்யூட்டர் சொன்னபடி செய்தேன், நல்ல பலன் என்றார். எங்கள் வாசலில் வந்து சத்தம் போட்ட அதே மனிதர், தன் தோட்டத்தின் மூலையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். மையத்தை இன்னும் இரண்டு வருஷம் நடத்தப்போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் வேன் ஏறினார்கள்.

வாய்க்கால் கரையில் நானும் அப்பாவும் மட்டும் திரும்பி வந்தோம். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. இலையைத் துடைத்ததைச் சொன்னேன்.

"பாத்துக்கிட்டுத்தான ஆத்தா இருந்தேன்," என்றார்.

அது என்ன நோய் என்று தெரிந்துதான் இலையைக் கொண்டுவந்திருக்கிறார். நீ கெஞ்சினாயே என்று கொண்டுவந்திருக்கிறார். அப்படியென்றால் அங்கேயே ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அங்கன அஞ்சு பேரு நின்னாக. அவுக முன்னாடி எம்மகளுக்கு இது தெரியலன்னு எப்படிச் சொல்ல?"

அப்புறமாவது வழக்கமான மருந்தை அடித்திருக்கலாமே என்றேன்.

"பொட்டி சொன்னத நானே கேக்கலைன்னா வேற எவன் வருவான்? பொட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பாக. அடுத்த முகூர்த்தத்துலயே உங்கம்மா உன்னயக் கட்டிக் குடுத்திருப்பா."

பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"ஒரு வெள்ளாமையவே குடுத்து வாங்குன நாற்காலி ஆத்தா அது. எந்திரிச்சுறாத."

பாசத்தோடுதான் சொன்னார். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அடுத்த இரண்டு வருஷத்தில் சென்னையிலிருந்து மூன்று முறை வேலைக்குக் கூப்பிட்டு மெயில் வந்தது. மூன்று முறையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வர இயலாது என்று பதில் அனுப்பினேன்.