கூரை இல்லாத நல்ல வீடு

எங்கள் பேரூராட்சியில் ஆளில்லாத வீடுகளைப் பார்த்து அறிக்கை எழுதும் பொறியாளர் வேலை எனக்கு. உரிமையாளர்கள் சென்னையிலும் பம்பாயிலும் கடை வைக்கப் போய்விட்டார்கள். சுவர், கூரை, உத்திரம் என்று கட்டம் போட்டு, இடிக்கலாமா விடலாமா என்று குறிப்பேன்.

பதினேழாம் எண் வீட்டுக்கு ‘உடனே இடிக்கவும்’ என்று எழுதிய வாரத்தில் தசராவுக்குக் கொடி ஏறியது. மறுநாள் போய்ப் பார்த்தால் உள்ளே பத்துப் பேர் பாய் விரித்திருந்தார்கள். குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வேடம் போட்டுக் காணிக்கை வாங்கும் குழு. விரதத்துக்குக் கையில் கட்டிய காப்பை அவிழ்க்கும்வரை வீட்டுக்குப் போகமாட்டார்கள், ஒன்றாகத்தான் தங்குவார்கள். தலைக்கு மேலே கரையான் தின்ற உத்திரம். எடுத்துச் சொன்னேன். “அம்மா பாத்துக்கிடுவா” என்றார்கள்.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் காக்கி உடை, தொப்பி, லத்தியோடு ஒருவர் வந்தார்.

“சார், இது எப்ப வேணும்னாலும் விழும். எல்லாரையும் வெளிய அனுப்புங்க.”

மீசையைத் தடவியபடி முழுவதும் கேட்டார். லத்தியால் கதவைத் தட்டினார். “ஏலே, வெளிய வாங்கலே! மேடம் உத்தரவு!”

காளி வந்தது, குரங்கு வந்தது, எமன் வந்தார். எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ‘காவலர்’ என் முன்னால் காணிக்கைத் தட்டை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. இந்தக் கடற்கரையில் பிறந்தவளுக்குத் தசரா மாதத்துக் காக்கிச்சட்டையை நம்பக்கூடாது என்று தெரியாதா? உத்திரத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

தட்டில் காணிக்கை போட்டேன். பிறகு முக்காலியில் ஏறி, வாசல் பக்கத்து உத்திர முனையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினேன். கைப்பிடிவரை இறங்கியது. தூள் கொட்டியது.

காளி தகர நாக்கைக் கழற்றினார். “ஏ ஆத்தா! இதுக்குக் கீழயாலே கொறட்ட விட்டோம்?”

“நான் உள்ள கெடந்ததுனாலதாம்லே அது பயந்து விழல” என்றார் எமன்.

“சரி மேடம், நாங்க எங்கன போவோம்?” என்று கேட்டார் காக்கிச்சட்டை.

பட்டியலைப் புரட்டினேன். “ஒன்பதாம் எண் நல்ல வீடு. சுவர் உறுதி, கூரை இல்லை” என்றேன்.

“கூரையே இல்லாதத நல்ல வீடுன்னு சொல்லுதீயளே!” என்றார் அவர்.

“மேல விழ ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி.”

பம்பாயிலிருந்த அந்த வீட்டு உரிமையாளரைப் போனில் அழைத்தேன். “அம்மன் பிள்ளைகள்தானே, தாராளமா இருக்கட்டும்” என்றார்.

சாயங்காலத்துக்குள் மூங்கில் வந்தது, பனையோலை வந்தது. காளி ஏணிமேல் நின்று ஓலை வாங்க, எமன் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கயிற்று முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் பாய்களை உள்ளே கொண்டுபோக விட்டேன்.