மஞ்சுளா போடாத மூன்றாவது கியர்

உங்கள் காரை முதன்முதலில் ஓட்டியது நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மஞ்சுளா அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். "அது என் கால் பட்ட வண்டி" என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையில், லைன் முடிகிற இடத்தில் நான் கண்ணாடியில் ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்டிய வண்டியை அக்கா எடுத்துக்கொண்டு போய் யார்டில் நிறுத்துவாள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து, அடுத்த வண்டியில் ஏற வேண்டும். திருப்பம் வந்தால் கையை நீட்டிக் காட்டி "ரைட் ஓகே, லெஃப்ட் ஓகே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபதுக்கு மேல் ஸ்பீடு முள் போனால் சூப்பர்வைசர் ராஜாமணி எங்கிருந்தாலும் முளைத்துவிடுவார். அக்கா ஒரு தடவைகூட அவரிடம் மாட்டியதில்லை. அவள் நிறுத்திய வரிசையைப் பார்த்தால் நூல் பிடித்து நிறுத்தியதோ என்று தோன்றும்.

வாலாஜாபாத்தில் அக்காவின் தெருவே அவளைப் பற்றிப் பெருமையடிக்கும். "தினம் அம்பது காரு ஓட்டுது அந்தப் பொண்ணு" என்பார்கள். அம்பது காரும் ஓடிய தூரத்தைக் கூட்டினாலும் பக்கத்திலிருக்கிற ராஜகுளம் வரைகூடப் போய்ச் சேராது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அக்காவும் அதைத் திருத்தப் போகவில்லை. புகழ்ச்சியை யாராவது திருத்துவார்களா?

அக்காவின் வீட்டுக்காரர் பாபு அண்ணன் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவர்தான் போன மாதம், அக்கா தினமும் ஓட்டுகிற அதே ரகத்தில், செகண்ட் ஹேண்ட் வெள்ளை கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆயுத பூஜைக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடுகிறது அல்லவா, அப்போது குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை காரிலேயே போய் வருவது என்று தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

குன்றத்தூரிலிருந்து நாத்தனார் சுந்தராம்பாள் வந்து இறங்கினாள். பாபு அண்ணனுக்கு மூத்தவள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு. வந்ததும் வராததுமாக, "அறுநூறு கிலோமீட்டருக்கு மேல கீதுடா. எங்க தெருவுல நம்பிராஜன்னு ஒரு பையன், திருநெல்வேலிக்காரன், ஆக்டிங் டிரைவரு. அவன இட்டுனு போலாம்" என்றாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "கார் ஓட்றதே என் வேல அண்ணி. எனக்கு ஒரு டிரைவரா? கம்பெனில கேட்டா சிரிப்பாங்க" என்றாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படப்பை சாலைத் திருப்பம் தெரிந்ததும் என் காதருகே குனிந்தாள்.

"சௌந்தர்யா, யார்கிட்டயும் சொல்லாத. நான் செகண்டுக்கு மேல கியர் போட்டதே இல்லடி."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. சுங்குவார்சத்திரத்துல டிரைவிங் கிளாஸ் போனேனே, அங்க கியர் போட்டது மாஸ்டரு. நான் மேல கைய வெச்சிகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து முறைத்தார். நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "இவ்ளோ வருஷமா எத்தினியோ வண்டிய யாருக்கோ எடுத்து வெச்சேன். ஒரு தடவ என் வண்டிய, என் ஆளுங்கள உக்கார வெச்சிகினு, நானே ஓட்டிகினு போவணும். பின்னாடி சீட்ல உக்காந்து கன்னியாகுமரி பாக்கறதுக்கு நான் எதுக்குடி?" என்றாள்.

அன்றிலிருந்து நான் அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் சாலையில் பழகப் போனோம். அகலமான சாலை, ஈ காக்கை இல்லை. முதல் கியர், இரண்டாவது கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தன. முள் இருபதைத் தொட்டதும் அக்காவின் வலது கால் தானாக மேலே வந்துவிட்டது. "போடுக்கா, மூணாவது போடு" என்று நான் கத்தினேன். கை கியர் குமிழைப் பிடித்தது, அங்கேயே நின்றது. "ராஜாமணி சார் அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்கற மாதிரியே கீதுடி" என்றாள். அங்கே மரமே இல்லை. ஒரு பூட்டிய வாட்டர் கேன் கடை மட்டும் இருந்தது.

கார் பழகாவிட்டால் என்ன, திட்டத்தையே மாற்றிவிடலாம் என்று அக்கா முடிவுகட்டினாள். இந்த மூளைக்கு அவளைக் கம்பெனியில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பாபு அண்ணன் போனில் மேப்பை விரித்து, "விடியக்காலைல கிளம்புனா பொழுது சாயறதுக்குள்ள கன்னியாகுமரி" என்று கோடு காட்டினார். அக்கா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வழியில அத்தினி சாமி உக்காந்துகினு கீது, கண்டுக்காம போறதா? மதுராந்தகத்துல ராமர் ஏரியவே காப்பாத்துனவரு. அச்சிறுபாக்கத்துல சிவன் தேரே அச்சு முறிஞ்சு நின்னுபோச்சு, நாம நிக்காம போனா நம்ம வண்டி இன்னா ஆவறது? அப்புறம் மயிலம், விருத்தாசலம், சமயபுரம், ஸ்ரீரங்கம், விராலிமலை. எல்லாம் ஊருங்க உள்ளாறயே போலாம். பைபாஸ்ல சாமி ஏது?"

இரண்டாவது கியரிலேயே போவதென்றால் ஒரு பகலில் எவ்வளவு தூரம் போக முடியுமோ, அவ்வளவு தூரத்துக்கு ஒரு பெரிய கோயில் வைத்திருந்தாள். இடைவெளி அதிகமாகத் தெரிந்த இடத்தில் ஒரு அம்மனைச் சேர்த்துக்கொண்டாள். "கன்னியாகுமரி போறமா, பாத யாத்திர போறமா?" என்று பாபு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். சுந்தராம்பாளோ உருகிவிட்டாள். "இவ்ளோ பக்தியாடி மஞ்சு உனக்கு? நான் உன்ன தப்பா நெனச்சிகினு இருந்தேன்" என்று அக்காவின் தலையைத் தடவினாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஆனால் சுந்தராம்பாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. "பக்தி சரி. மொதல்ல குன்றத்தூர் மல வரைக்கும் ஒருவாட்டி ஓட்டிக் காட்டு. முருகன பாத்துட்டு, அப்படியே என்ன வூட்ல வுட்டுடு. சரியா வந்தா நீயே ஓட்டு, இல்லன்னா நம்பிராஜன்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். முன்னால் அக்காவும் சுந்தராம்பாளும், பின்னால் பாபு அண்ணனும் நானும். வாலாஜாபாத் தாண்டியதும் லாரிகள் பின்னாலிருந்து அலறத் தொடங்கின. புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டிய பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, வண்டியில் ஏதாவது கோளாறா என்று கையால் கேட்டார். குறுக்குச் சந்து வந்த இடத்திலெல்லாம் அக்கா கையை நீட்டி "ரைட் ஓகே, லெஃப்ட் ஓகே" என்றாள்.

"இன்னாடி, இப்படி உருட்டிகினு போற?" என்றாள் சுந்தராம்பாள்.

"வேகமா போனா உங்களுக்கு வாந்தி வருமே அண்ணி."

அந்த அக்கறையில் குளிர்ந்துபோன சுந்தராம்பாள் தன் பித்தப்பைக் கல் ஆபரேஷன் கதையைத் தொடங்கினாள். அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வலி வந்த செவ்வாய்க்கிழமை அன்று என்ன குழம்பு என்பதிலிருந்து ஆரம்பிக்கும். கல்யாண மண்டபத்தில் ஒருமுறை அதைத் தொடங்கியபோது பந்தி நடுவில் எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரகடம் வருவதற்குள் வலி மட்டும்தான் வந்திருந்தது, டாக்டர் இன்னும் வரவில்லை. பின்னால் லாரி, பக்கத்தில் பித்தப்பை, காலில் ராஜாமணி. அக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

கூட்டுரோடு பக்கம் டீக்கடை மைதானத்தில் நிறுத்தினோம். அதை மட்டும் அழகாகச் செய்தாள். ஒரே வளைப்பில் கார் நேராக நின்றது. நாங்கள் மூவரும் இறங்கி டீ சொன்னோம். திரும்பிப் பார்த்தால் அக்கா எங்களிடம் வரவில்லை. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். விறுவிறுவென்று நேராக நடந்தாள். வேப்பமரத்தடியில் கோணலாக ஒரு வெள்ளை கார், எங்களுடையதைப் போலவே, என்ஜின் ஓடிக்கொண்டு நின்றிருந்தது. கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட் மாட்டினாள். கையை நீட்டி "ரைட் ஓகே, லெஃப்ட் ஓகே" என்றாள். அந்தக் காரைக் கொண்டுவந்து எங்கள் காருக்குப் பக்கத்தில் நூல் பிடித்தாற்போல நிறுத்தினாள். இறங்கி, திரும்பிப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு வெள்ளை காரை நோக்கி நடந்தாள்.

பயத்தில் அவளுக்கு மூளை நின்றுபோயிருந்தது. கை கால் மட்டும் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா! ஏய்! என் வண்டிம்மா!" என்று ஒருவர் வடையோடு ஓடி வந்தார். அவர் பெயர் விஜயராகவன், காஞ்சிபுரத்துக்காரர் என்பதெல்லாம் சண்டையில் தெரிந்துகொண்டோம். அதற்குள் அந்தக் காரின் பின் சீட்டிலிருந்து துண்டை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். மாமனார் தூங்கட்டும் என்றுதான் ஏசியைப் போட்டுவிட்டு விஜயராகவன் வடைக்குப் போயிருக்கிறார்.

"வூடு வந்துடிச்சா மாப்ள?" என்றார் பெரியவர்.

அக்கா மைதானத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்டாள். விஜயராகவன் போலீஸ் என்றார், கேமரா என்றார். பாபு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், அது கம்பெனில யார்டுல வண்டி எடுத்து வெக்கிறது சார். பழக்க தோஷம்" என்று மன்றாடினார். பெரியவர் இறங்கி இரண்டு கார்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒரு பக்கமிருந்து பார்த்தார், மறு பக்கமிருந்தும் பார்த்தார். "மாப்ள, உன்ன விட நல்லா நிறுத்தி கீது இந்தப் பொண்ணு" என்றார். அதற்கு மேல் விஜயராகவனால் சண்டை போட முடியவில்லை. மீதி வடையையும் மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

சுந்தராம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் எதிரில் வந்து நின்றாள். எதையும் மறைக்கவில்லை.

"நான் செகண்டுக்கு மேல ஓட்டுனதே இல்ல அண்ணி. பெரும பேசிட்டேன். கோயிலெல்லாம் அதுக்கோசரம்தான் சேத்தேன். நம்பிராஜனுக்கே போன் போடுங்க." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அந்த நேரத்தில் சுந்தராம்பாள் மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

சுந்தராம்பாள் டீயைச் சொட்டு விடாமல் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நம்பிராஜன் எதுக்கு? அவன் சர்ருனு ஒரே நாள்ல கொண்டுபோயி வுட்டுடுவான். நீ சொன்ன கோயில் அத்தினியும் எனக்குப் பாக்கணும். செகண்ட்லயே ஓட்டு, யாரு கேக்கப்போறா? போவ நாலு நாளு, வர நாலு நாளு. கம்பெனி தொறக்கற அன்னிக்கு ஒரு நாள் லீவு சொல்லிக்கோ. முன் சீட்ல உன் பக்கத்துலயே நான் உக்காந்துகினு வரேன், பேச்சுத் தொணைக்கு ஆள் வேணாமா?"

அக்காவின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. கடைசி வாக்கியம் உள்ளே இறங்கியதும் அது அப்படியே வெளுத்தது.

காரில் ஏறினோம். படப்பைப் பக்கம் திரும்பியதுமே சுந்தராம்பாள், "எங்க வுட்டேன்? ஆங், செவ்வாய்க்கெழம. இல்ல, மொதல்லேர்ந்தே சொல்றேன், சௌந்தர்யா பின்னாடி சரியா கேட்டுருக்க மாட்டா" என்றாள். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பரிதாபமான பார்வையை நான் பார்த்ததே இல்லை. சுந்தராம்பாள் வத்தக்குழம்பைத் தாளித்தாள், அப்பளம் பொரித்தாள், வலி லேசாகத் தொடங்கியது. "ஸ்கேன் எடுக்கற எடத்துல ஒரு நர்சு, அவ கதையே தனி. அவங்க மாமியாரு கீதே..." என்று கிளை பிரிந்தாள்.

அக்காவின் இடது கை குமிழுக்குப் போனது. கால் அழுந்தியது. கை மேலே தள்ளியது. என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கி, கார் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடியது.

"இன்னாடி, சத்தம் மாறுது?"

"மூணாவது அண்ணி!" என்று கத்தினாள் அக்கா. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். பாபு அண்ணன் பின் சீட்டில் கை தட்டினார். வழியில் நிழலில் நின்றிருந்த அந்தப் புல்லுக்கட்டு மொபெட்டைத் தாண்டினோம். பெரியவர் டாட்டா காட்டினார். சோமங்கலம் வரும்போது நான்காவதும் விழுந்தது. டாக்டர் கையுறை மாட்டுவதற்குள் குன்றத்தூர் வந்துவிட்டது.

மலைப்படியில் அக்காவும் அண்ணனும் துள்ளிக்கொண்டு முன்னால் ஏறினார்கள். முழங்கால் வலி என்று சுந்தராம்பாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"கத முடியறதுக்குள்ள வந்துட்டோமே அத்த" என்றேன், சும்மா சீண்டிப் பார்க்க.

அவள் முன்னால் போகிறவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வூட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து போவலன்னா நான் அந்தக் கதயதான் எடுப்பேன். இதுவரைக்கும் முழுசா கேட்ட ஆளு யாரும் இல்ல. இவ மட்டும் இன்னா, செகண்ட்ல உக்காந்து கேட்டுகினா இருப்பா?"

கன்னியாகுமரிக்கு அக்காவேதான் ஓட்டினாள். கிளம்பிய மறுநாளே அங்கே சூரிய உதயத்தைப் பார்த்து எனக்குப் போட்டோ அனுப்பினாள். அச்சிறுபாக்கத்தில் மட்டும் பயத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். கம்பெனி திறந்த அன்று முதல் வண்டிக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். அக்கா எடுத்தாள். யார்டு திருப்பத்தில் விசில் சத்தம் கேட்டது. ராஜாமணி ஓடி வந்தார்.

"இன்னா மஞ்சுளா இது? முப்பத்தஞ்சுல போற? இத்தினி வருஷத்துல ஒரு நாளாவது உன்ன நான் நிறுத்திருக்கேனா?"

"தெரியல சார். கை தானா போயிடிச்சு" என்றாள் அக்கா.

அவர் எழுதிக் கொடுத்த வார்னிங் சீட்டை மடித்து, என்னிடம் காட்டுவதற்காக ஓடி வந்தாள்.