எரிகுழாயில் குளவிக்கூடு

2005 மார்கழி பிறந்த வாரம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் விருந்தினர் விடுதியை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். சமையல் அவள், மற்றதெல்லாம் நான். தோட்டத்தில் ஒரு கேஸ் கிரில் நின்றது. மூடியும் சக்கரமும் வைத்த பெரிய அடுப்பு, அடியில் சிலிண்டர். இயந்திரம் பூட்ட வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் சனிக்கிழமைகளில் அதில் கோழி வாட்டுவார்கள். அவர்கள் வராத மாதங்களில் அது தார்ப்பாய்க்குள் கிடக்கும்.

அந்த ஆண்டு மழை ஓய்ந்தபின், அவர்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் வந்து சொன்னார்.

"இன்னாப்பா, அடுப்பு எரியுமா? இல்ல அவுங்களுக்கும் இட்லி ஊட்டி அனுப்பப் போறியா?"

"எரியும் சார்."

வியாழக்கிழமை காலை தார்ப்பாயை எடுத்தேன். கம்பித் தட்டுகளைச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டேன். கொழுப்பு உறைந்த தட்டைச் சுரண்டினேன். ரப்பர் குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்த்தேன். கிளம்பவில்லை. பிறகு எரிகுழாய்களைக் குனிந்து பார்த்தேன். நடுக்குழாயின் வாயில், கேஸும் காற்றும் சேர்ந்து உள்ளே போகும் இடத்தில், களிமண் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. குளவிக்கூடு.

கம்பியைக் கையில் எடுத்தபோது மனைவி பின்னால் நின்றாள்.

"அத்தத் தொடாதீங்க."

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். 2002இல் ஒன்று, 2004இல் ஒன்று, இரண்டுமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை தங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. அந்தக் கூட்டை யாரும் இடிக்க மாட்டார்கள். கதவு மூலையில் கட்டினால் அந்தக் கதவைச் சாத்தாமலே விட்டுவைப்பார்கள்.

"கேஸ் போற வழிம்மா இது."

"பாதி வாய் தொறந்துதான கீது? எவ்ளோ எடம் கீது இந்த ஊர்ல, நம்மளத் தேடி வந்து கட்டிக்கீது."

அடுப்போடு வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்தவன் நான். குழாயின் வாய் அடைபட்டால் கேஸ் பின்னால் திரும்பி, கேஸைத் திறக்கும் திருகுக்கு அடியில் தீப்பிடிக்கும் என்று அதில் போட்டிருந்தது. அதற்குப் பயந்தேன். கூட்டை இடிக்க அதைவிடப் பயந்தேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். பகுத்தறிவுப் புத்தகங்கள் அலமாரி நிறைய வைத்திருந்தேன். அன்று அவை எதுவும் என் பக்கம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, குழாயில் மறுபடி சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, எரித்துப் பார்த்தேன். அவளைச் சமையற்கட்டு வாசலிலேயே நிற்கச் சொன்னேன். ஓரத்துக் குழாய்கள் நீலமாக எரிந்தன. நடுத்திருகைத் திருப்பினேன். மேலே சுடர் வரவில்லை. என்னமோ மாதிரி ஒரு நாற்றம். அடுத்த நொடி, என் கைக்குக் கீழே, திருகுகளுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் தீ குபீரென்று வந்தது. முழங்கை மயிர் பொசுங்கியது. குனிந்து சிலிண்டரை மூடினேன். அதற்குள் அவள் என்னைப் பிடிக்க ஓடிவந்து, நுரைத்தண்ணீர் கொட்டியிருந்த இடத்தில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

தீ அடங்கிவிட்டது. அவள் எழவில்லை. வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வலிக்குதா?"

"பேசாதீங்க."

உருக்காலையின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைக்கு ஓடி ஆட்டோ பிடிக்கலாமா, அவளைத் தனியே விடலாமா என்று நான் நின்ற இடத்திலேயே தவித்தேன். மூன்றாம் முறையும் வெறுங்கையோடு திரும்பிவருவதை மனம் அதற்குள் பார்த்துவிட்டது. பிறகு அவள் என் கையை இழுத்து, தன் வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். தோலுக்கு அடியில் எதுவோ மெல்ல இடித்தது.

"உதைக்குது," என்றாள். அழுதுகொண்டே, "அந்தக் கூட்ட இட்சிடுங்க. உங்களுக்கு எதனா ஆச்சுன்னா நா இன்னா பண்ணுவேன்?"

அடுப்பு ஆறியதும் குழாயைக் கழற்றினேன். அவள் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள் என்று நினைத்துக் கம்பியால் குத்தினேன். மண் உதிர்ந்தது. கூடவே, குஞ்சுக்கு இரையாகக் குளவி கொட்டி அடைத்துவைத்த, செயலற்றுக் கிடந்த சில பச்சைப் புழுக்கள். அவற்றின் நடுவே வெள்ளையாக, கண் இல்லாமல், ஒரு குளவிக்குஞ்சு நெளிந்தது.

"உள்ள இன்னா கீது?" சமையற்கட்டுச் சன்னல் பக்கமிருந்து அவள் குரல்.

"ஒண்ணுமில்ல. வெறும் மண்ணு. எப்பவோ பறந்து போய்ட்ச்சு."

கறிவேப்பிலைச் செடியடியில் எல்லாவற்றையும் போட்டு மூடினேன். மறுநாள் இன்ஜினியர்கள் கோழி வாட்டினார்கள். மூன்று குழாயும் நீலமாக எரிந்தன. நான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

அதன்பின் தை, மாசி, பங்குனி. அவள் முதுகைப் பிடித்துக்கொண்டால் பயம். அசையாமல் தூங்கினால் பயம். அந்த வெள்ளைப் புழுவைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை.

2006 சித்திரைக் கடைசியில், திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியதும் வாங்கப் பயந்து, சுவரில் சாய்ந்து நின்றேன். மனைவி கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கோங்க. இனிமே பயம் வேணாம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புழு இருந்துச்சு இல்ல? சன்னல்லேர்ந்து நானும் பாத்தேன்."